‘கண்டுபிடித்தார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது: கண்டுபிடிப்பாளர்களின் கதைகளைக் கொண்டு பள்ளி ஆங்கிலம் பயிலும் முறை

தொலைந்த சாவியைக் கண்டுபிடித்தேன், திருடன் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார், பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்தார். நான்கும் வெவ்வேறு செயல்கள். ஆனாலும் தமிழில் ஒரே வினைச்சொல் நான்குக்கும் போதுமானதாக இருக்கிறது, அதனால் நமக்கு எந்தக் குழப்பமும் வருவதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் இடறுகிறோம். சாவிக்கு ‘ஃபைண்ட்’, திருடனுக்கு ‘ஃபைண்ட் அவுட்’, பெனிசிலினுக்கு ‘டிஸ்கவர்’, தொலைபேசிக்கு ‘இன்வென்ட்’ என்று அந்த மொழி நான்கு சொற்களைக் கேட்கிறது. கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தும்போது பக்கம் முழுவதும் ‘ஃபவுண்ட்’ என்ற ஒரே சொல் நிரம்பியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பயிற்சியை இந்த ஒரு வினைச்சொல்லிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் கருத்து.

‘டிஸ்கவர்’, ‘இன்வென்ட்’ இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: அவர் அதைக் காண்பதற்கு முன்பே அது உலகில் இருந்ததா? இருந்தது என்றால் ‘டிஸ்கவர்’, இல்லை என்றால் ‘இன்வென்ட்’. 1895-ஆம் ஆண்டில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டபோது அவை இயற்கையில் ஏற்கெனவே இருந்தவைதான், ஆகவே ‘டிஸ்கவர்ட்’. 1867-ஆம் ஆண்டில் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட் அவருக்கு முன் எங்கும் இருந்ததில்லை, ஆகவே ‘இன்வென்டட்’. இந்தக் கேள்வி நேராக விடை தராத இடங்களும் உண்டு, அங்கேதான் மொழி சுவையாகிறது. பெனிசிலினைப் பூஞ்சை தானாகவே உருவாக்கிக்கொண்டிருந்தது, 1928-இல் ஃப்ளெமிங் அதைக் கவனித்தார். ஆனால் அதை நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக மாற்றியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஃப்ளோரியும் செயினும் அவர்களுடைய குழுவினரும். அவர்களுடைய செயலுக்கு ‘டெவலப்’ என்ற சொல்தான் பொருந்தும். நீராவி என்ஜினும் அப்படித்தான். நியூகோமனின் என்ஜின் 1712-இலேயே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. 1769-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்றது, நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் அமைத்து எரிபொருளை மிச்சப்படுத்திய மேம்பாட்டுக்காகத்தான். எனவே வாட்டுக்கு ‘இம்ப்ரூவ்ட்’ என்று எழுதுபவர் ஆங்கிலத்தையும் வரலாற்றையும் ஒருசேரச் சரியாகச் சொல்கிறார்.

முதல் நாள் பயிற்சியாக, ‘கண்டுபிடி’ என்ற வினை வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். பாதி அன்றாட வாழ்க்கையிலிருந்தும் மீதி அறிவியலிலிருந்தும் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆங்கில வினை, ஏன் என்று ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். காரணம் எழுதாமல் வினையை மட்டும் எழுதினால் அது ஊகமாகவே நின்றுவிடும். பெயர்ச்சொற்களையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ‘கண்டுபிடிப்பு’ என்ற நம் சொல்லும் ‘இன்வென்ஷன்’, ‘டிஸ்கவரி’ என்று இரண்டாகப் பிரிகிறது. ‘இன்வென்டரி’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது கிடங்கில் உள்ள சரக்குகளின் பட்டியல்.

அடுத்து, எந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்வது என்பது. பெரும்பாலானவர்கள் எடிசனிலிருந்து தொடங்குகிறார்கள். அவரை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அவரைப் பற்றிய வாக்கியங்கள் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும், மனப்பாடமாக இருப்பதை எழுதும்போது மொழி வளர்வதில்லை. ஒரு மனிதருக்கு ஒரு சிக்கல் வந்தது, அவர் அதோடு பல காலம் மல்லுக்கட்டினார், கடைசியில் ஏதோ மாறியது என்று தெளிவாகச் சொல்லத்தக்க கதையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று மட்டும் போதும். ஏழு கண்டுபிடிப்புகளை நாளுக்கொன்றாகத் தொட்டுவிட்டுச் செல்வதைவிட ஒன்றை ஏழு விதமாகச் சொல்லிப் பார்ப்பதே அதிகம் கற்றுத்தரும்.

எடுத்துக்காட்டாக லூயி பிரெய்லின் கதையை முழுமையாகப் பார்ப்போம். அவர் 1809-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள கூப்ரே என்ற ஊரில், தோல்வேலை செய்யும் தந்தைக்குப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது கூரிய கருவி ஒன்று கண்ணில் குத்திவிட, தொற்று பரவி இரண்டு கண்களும் பார்வையிழந்தன. பத்து வயதில் பாரிஸில் பார்வையற்றோருக்கான பள்ளியில் சேர்ந்தார். அங்கே, பார்பியே என்ற படைவீரர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டு ஒலிகளைக் குறிக்க உருவாக்கியிருந்த ஓர் எழுத்துமுறை அவருக்கு அறிமுகமாயிற்று. அதில் புள்ளிகள் மிகுதி, ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்து, ஒலிகளுக்குப் பதிலாக எழுத்துகளைக் குறிக்கும்படி மாற்றி, 1824-இல் தம் பதினைந்தாவது வயதில் தம் முறைக்கு வடிவம் கொடுத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. 1852-இல் அவர் இறந்தார். 1854-இல்தான் பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

இந்த ஆண்டுகளை ஒரு கோட்டின்மேல் வரிசையாகக் குறித்துவிட்டு, முதலில் எல்லாவற்றையும் நிகழ்ந்த வரிசையிலேயே எளிய இறந்தகாலத்தில் சொல்லுங்கள்: ‘பிரெய்ல் வாஸ் பார்ன் இன் 1809’, ‘ஹி இன்ஜர்ட் ஹிஸ் ஐ அட் த ஏஜ் ஆஃப் த்ரீ’ என்று. வரிசை மாறாதவரை வேறு காலம் தேவைப்படாது. பிறகு கதையைக் கடைசியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பிரான்ஸ் ஏற்றுக்கொண்டபோது அவர் ஏற்கெனவே இறந்திருந்தார் என்று தமிழில் சொல்கிறோம் அல்லவா, அந்த ‘இறந்திருந்தார்’ என்பதில் உள்ள ‘இருந்தார்’ என்ற துணைவினைதான் ஆங்கிலத்தின் ‘ஹேட்’. ‘வென் ஃபிரான்ஸ் அடாப்டட் ஹிஸ் சிஸ்டம் இன் 1854, ஹி ஹேட் ஆல்ரெடி டைடு’ என்ற வாக்கியம் அதிலிருந்து தானாக வந்துவிடும். இலக்கண நூல்கள் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று அச்சுறுத்துகிற வடிவம் நம் மொழியில் நாள்தோறும் புழங்குவதுதான். ‘இருந்தது’, ‘இருந்தார்’ என்று எங்கே வினையோடு ஒட்டி வருகிறதோ அங்கே ‘ஹேட்’ வருமா என்று பார்க்கும் பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இதே துணைவினை நிகழ்கால வடிவில் நம்மை ஏமாற்றவும் செய்யும். ‘பெல் தொலைபேசியை 1876-இலேயே கண்டுபிடித்திருக்கிறார்’ என்று தமிழில் சொல்வதில் பிழையில்லை; நமக்குப் புதிதாகத் தெரியவந்த பழைய செய்தியை அப்படித்தான் சொல்கிறோம். அதை அப்படியே ‘பெல் ஹேஸ் இன்வென்டட் த டெலிஃபோன் இன் 1876’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் அது பிழை. முடிந்துபோன ஓர் ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ வரக்கூடாது. எளிய இறந்தகாலம் மட்டுமே வரும். ஆண்டு இல்லாமல், இன்றுவரை தொடரும் விளைவைச் சொல்லும்போதுதான் அந்த வடிவத்துக்கு இடம்: ‘பிரெய்ல்ஸ் சிஸ்டம் ஹேஸ் ஹெல்ப்ட் பிளைண்ட் ரீடர்ஸ் எவர் சின்ஸ்’. கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் எளிய இறந்தகாலத்திலும், விளைவைக் கூறும் கடைசிப் பத்தி ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ வடிவத்திலும் அமைவது இவ்வகைக் கட்டுரைகளுக்கு இயல்பான நடை.

செயப்பாட்டு வினையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘பெல்லால் தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டது’ என்பது போன்ற தமிழ் வாக்கியங்களுக்கு மட்டும்தான் ஆங்கிலத்தில் பேசிவ் வாய்ஸ் வரும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் பேசும்போது ‘படு’ என்ற துணைவினையை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். பேச்சு எதைப் பற்றியதோ அதை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும், ‘தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் பெல்’ என்றோ ‘தொலைபேசியை பெல்தான் கண்டுபிடித்தார்’ என்றோ சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொற்களை அப்படி இடம் மாற்ற முடியாது. பொருளை முன்னால் வைக்க வேண்டுமென்றால் வினையைத்தான் மாற்ற வேண்டும்: ‘த டெலிஃபோன் வாஸ் இன்வென்டட் பை பெல்’. ஆகவே உங்கள் தமிழ் வாக்கியம் ‘ஐ’ உருபு ஏற்ற சொல்லோடு தொடங்கினால், அங்கே பேசிவ் பொருந்துமா என்று நின்று பாருங்கள். செய்தவர் யார் என்றே தெரியாதபோது ‘பை’ என்ற பகுதியை விட்டுவிடலாம். சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் எவருக்கும் தெரியாது, எனவே ‘த வீல் வாஸ் இன்வென்டட் தவுசண்ட்ஸ் ஆஃப் இயர்ஸ் அகோ’ என்பதே முழு வாக்கியம். ஆனால் கதை சொல்லும் பத்தியில் பேசிவ் வாக்கியங்களை அடுக்காதீர்கள். பிரெய்ல் புள்ளிகளைக் குறைத்தார் என்று எழுதும்போது அவர் நம் கண்முன் செயல்படுகிறார்; புள்ளிகள் அவரால் குறைக்கப்பட்டன என்று எழுதினால் மனிதர் மறைந்து அறிக்கை மட்டும் மிஞ்சுகிறது.

‘எ’, ‘ஆன்’, ‘த’ என்ற ஆர்ட்டிகிள்கள் தமிழில் இல்லை. அதனால் அவற்றை நாம் உப்புப் போடுவதுபோல் உத்தேசமாகத் தூவிவிடுகிறோம். கண்டுபிடிப்புகளைப் பொறுத்தவரை கடைப்பிடிக்கத்தக்க ஒரு வழக்கம் உண்டு. எண்ணக்கூடிய ஒரு கருவியை அதன் வகை முழுவதற்குமாகச் சொல்லும்போது முன்னால் ‘த’ வரும்: ‘த டெலிஃபோன்’, ‘த வீல்’, ‘த ஸ்டெதஸ்கோப்’. காகிதம், பெனிசிலின், டைனமைட் போல எண்ண முடியாத பொருளானால் எதுவும் வராது: ‘நோபல் இன்வென்டட் டைனமைட்’. தொலைக்காட்சிக்கு இரண்டு வழக்கமும் உண்டு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

‘எ’, ‘ஆன்’ இரண்டில் எது என்பதற்குத் தமிழ் எழுத்தே உதவுகிறது என்பது பலருக்கும் தோன்றாத ஒன்று. விதி ஆங்கில எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது. நம் எழுத்தோ ஒலியை எழுதுவது. சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: முதலெழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’, உயிர்மெய்யாக இருந்தால் ‘எ’. ‘இன்வென்டர்’ உயிரில் தொடங்குகிறது, எனவே ‘ஆன் இன்வென்டர்’. ‘யூஸ்ஃபுல்’ யகரத்தில் தொடங்குகிறது, எனவே ‘எ யூஸ்ஃபுல் இன்வென்ஷன்’. ‘எக்ஸ்ரே’ உயிர், எனவே ‘ஆன் எக்ஸ்ரே’. இதில் இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நாம் ‘ஒன்’ என்று எழுதினாலும் அதன் ஒலி வகரத்தில் தொடங்குகிறது. மற்றொன்று நம் நாக்கின் பழக்கம்: எகரத்தில் தொடங்கும் சொற்களின் முன் மெல்லிய யகரம் சேர்த்து ‘யென்ஜின்’ என்பதுபோல் உச்சரிப்பவர்கள் நம்மில் மிகுதி, அந்த யகரம் செவிக்குள் நுழைந்துவிட்டால் ‘எ என்ஜின்’ என்று எழுதத் தோன்றும். சரியானது ‘ஆன் என்ஜின்’தான்.

நாள், நேரக் குறிப்புகளுக்கு ரைட் சகோதரர்களின் கதை நல்ல களம். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று காலை 10.35 மணிக்கு, அமெரிக்காவின் கிட்டி ஹாக் என்ற ஊருக்கு அருகே மணல்வெளியில், ஆர்வில் ரைட் 12 விநாடிகள் பறந்து 120 அடி தூரத்தைக் கடந்தார். இத்தகைய தமிழ் வாக்கியங்களில் வரும் மூன்று ஈறுகளைக் கவனியுங்கள்: 1903-இல் என்று ‘இல்’ வந்தால் ‘இன்’, 17 அன்று என்று ‘அன்று’ வந்தால் ‘ஆன்’, 10.35 மணிக்கு என்று ‘மணிக்கு’ வந்தால் ‘அட்’. இம்மூன்றும் பெரும்பாலும் பிசகாமல் பொருந்தும். அதே நாளில் நான்காவது முறை அவருடைய அண்ணன் வில்பர் 59 விநாடிகள் பறந்து 852 அடி கடந்தார் என்பதால், ‘லாங்கர் தேன்’, ‘த லாங்கெஸ்ட்’, ‘செவன் டைம்ஸ் அஸ் ஃபார் அஸ்’ என்று ஒப்பீட்டு வாக்கியங்களுக்கும் இக்கதையே பயன்படும். வாய்விட்டுப் படிக்கும்போது ஆண்டுகளை இரண்டு இரண்டு இலக்கங்களாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: 1876 என்பது ‘எய்ட்டீன் செவன்டி சிக்ஸ்’, 1903 என்பது ‘நைன்டீன் ஓ த்ரீ’.

உச்சரிப்பில் அழுத்தம் விழும் இடத்தையும் கவனிக்க வேண்டும்; தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் அதைக் காதில் வாங்குவதே இல்லை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையிலும், அதை எடுப்பவரைக் குறிக்கும் ‘ஃபட்டாக்ரஃபர்’ என்பதில் இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. ‘இன்வென்ட்’, ‘இன்வென்டர்’, ‘இன்வென்ஷன்’ மூன்றிலும் ‘வென்’ என்ற அசைதான் அழுத்தம் பெறும்.

இருவராகப் பயில்பவர்களுக்குப் பெயர் சொல்லாமல் பொருளை விளக்கும் விளையாட்டு மிகவும் ஏற்றது. 1816-இல் லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர், பெண் நோயாளி ஒருவரின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டுப் பார்த்தார். இதயத்துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கருவியை விளக்க ‘இட் இஸ் எ டிவைஸ் தட் இஸ் யூஸ்டு ஃபார் லிஸனிங் டு த ஹார்ட்’ என்று சொல்ல வேண்டும். தமிழில் ‘இதயத்துடிப்பைக் கேட்கப் பயன்படும் கருவி’ என்று பெயரெச்சம் முன்னால் வந்து, கருவி கடைசியில் வரும். ஆங்கிலத்தில் கருவி முதலில் வந்து, ‘தட்’ என்ற சொல்லைக் கொக்கியாக மாட்டி, மற்றவை அதன் பின்னால் தொங்கும். எனவே நீளமான தமிழ்த் தொடரை மொழிபெயர்க்கும்போது கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். இந்த விளையாட்டில் ‘யூஸ்டு’ மூன்று வேடங்களில் வருவதையும் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘இஸ் யூஸ்டு டு ரைட்’ என்றால் எழுதப் பயன்படுகிறது. ‘யூஸ்டு டு ரைட்’ என்றால் முன்பெல்லாம் எழுதுவது வழக்கம். ‘இஸ் யூஸ்டு டு ரைட்டிங்’ என்றால் எழுதிப் பழகியிருக்கிறார். ஒரு பேனாவை வைத்தே மூன்றையும் சொல்லிப் பார்த்துவிடலாம்.

வாரத்தின் கடைசி இரண்டு நாள்களை விவாதத்துக்கும் கற்பனைக்கும் ஒதுக்குங்கள். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில், பெல்லின் காப்புரிமை விண்ணப்பமும் அவரைப் போலவே தொலைபேசிக்கு முயன்ற எலிஷா கிரேயின் முன்னறிவிப்பு ஆவணமும் (விரைவில் விண்ணப்பிக்கப் போவதாகத் தெரிவிப்பது) அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தை அடைந்தன. மார்ச் 7 அன்று காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மின்விளக்கிலும் எடிசனுக்கு இணையாக இங்கிலாந்தில் ஜோசஃப் ஸ்வான் உழைத்திருக்கிறார். இத்தகைய இடங்களில் ‘இன்வென்டட்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘இஸ் கிரெடிட்டட் வித் இன்வென்டிங்’, ‘இஸ் ஆஃபன் செட் டு ஹேவ் இன்வென்டட்’ என்று எழுதக் கற்றுக்கொள்வது உயர் வகுப்பு மாணவருக்கு அழகு. காப்புரிமையோடு ‘அப்ளை ஃபார்’, ‘கிராண்ட்’ ஆகிய வினைகள் சேரும்: விண்ணப்பிப்பவர் ‘அப்ளைஸ் ஃபார் எ பேட்டன்ட்’, பெறுபவர் ‘இஸ் கிராண்டட் எ பேட்டன்ட்’.

கற்பனைக்கு மீண்டும் ஃப்ளெமிங்கிடம் போகலாம். விடுமுறை முடிந்து 1928 செப்டம்பரில் ஆய்வகத்துக்குத் திரும்பியவர், கிருமி வளர்த்திருந்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டார். அந்தத் தட்டைப் பார்க்காமலேயே கழுவியிருந்தால் பூஞ்சையைக் கவனித்திருக்கமாட்டார். இந்த வாக்கியத்தில் ‘கழுவியிருந்தால்’ என்பது ‘இஃப் ஹி ஹேட் வாஷ்ட்’ ஆகிறது, ‘கவனித்திருக்கமாட்டார்’ என்பது ‘ஹி வுட் நாட் ஹேவ் நோட்டிஸ்ட்’ ஆகிறது. ‘இஃப்’ வரும் பகுதியிலும் ‘வுட்’ போடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. தமிழில் ‘ஆல்’ என்று முடியும் பகுதியில் எதிர்காலச் சாயல் எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்தால் அந்தப் பிழை வராது.

எழுதி முடித்த பிறகு ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். முதல் வாசிப்பில் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஆண்டு வரும் இடமெல்லாம் எளிய இறந்தகாலம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாசிப்பில் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் உள்ள ஆர்ட்டிகிள்களை மட்டும் பாருங்கள். பிறகு தாளை மூடிவைத்துவிட்டு, மறுநாள் அதே கதையை நினைவிலிருந்து மீண்டும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு தாள்களிலும் ஒரே இடத்தில் வரும் பிழை எதுவோ அதுதான் அடுத்த வாரத்துக்கான பாடம்.

அடுத்த வாரங்களுக்குக் கதை தேடுபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நாளிதழ் அச்சிடும் மை சட்டென்று உலர்வதைக் கவனித்து 1930-களில் பந்துமுனைப் பேனாவை உருவாக்கிய ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோவின் கதையில் காரணமும் விளைவும் சொல்லும் வாக்கியங்கள் நிறைய வரும். ‘பிகாஸ்’, ‘ஸோ தட்’, ‘அஸ் எ ரிசல்ட்’ ஆகியவற்றுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதைகளை நுண்ணோக்கியில் பார்த்து வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டைக்கு வழி கண்ட ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், ‘லைக்’, ‘அஸ்’, ‘சிமிலர் டு’ என்று உவமை சொல்லப் பொருத்தமானவர். பனி பெய்யும் நாளில் டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே பார்க்கப் படும் பாட்டைக் கவனித்து, உள்ளிருந்தபடியே நெம்புகோலால் இயக்கக்கூடிய துடைப்பானுக்கு 1903 நவம்பரில் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சனின் கதையில் ஒரு கருவி இயங்கும் விதத்தை விவரிக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்தியை மட்டும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும், சுற்றியுள்ள கதை இறந்தகாலத்திலேயே இருக்கட்டும்.